ஒன்றும் செய்யாமல் எரிந்த உலை

இலஞ்சி விலக்கு, தென்காசி.
ஆடி வெள்ளி.

சார்ஜாவில் இருக்கும் அன்பு மருமகன் சிரஞ்சீவி மணிமுத்துவுக்கு, உன் தாய்மாமன் பால்வண்ணநாதன், கார்பன் ஆலோசகர், எழுதிக்கொள்வது. குற்றாலநாதர் புண்ணியத்தில் இங்கே சாரல் சுகம், ஐந்தருவியில் தண்ணீர் சுகம், நான் அவை இரண்டையும் விடச் சுகம். உன் அம்மாவும் சுகம். "நான் ஒரு நடை வந்துட்டுப் போகவா மாமா" என்று போனில் கேட்டாயே, அதற்குத்தான் இந்தப் பதில். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் நின்று திருத்துவாள். காகிதத்தில் அந்தத் தொந்தரவு கிடையாது. நீ வர வேண்டாம். லீவை வீணாக்காதே. எல்லாவற்றையும் நான் முடித்துவிட்டேன்.

நம் பட்டறை போல்ட்டை வாங்கி ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றும் தூத்துக்குடிக் கம்பெனிக்காரர்கள், ஒரு கிலோ போல்ட்டுக்கு எவ்வளவு புகை விட்டீர்கள் என்று கணக்குக் கேட்டார்கள் அல்லவா. அந்த நாடுகளின் எல்லையில் இப்போது போல்ட்டோடு அதன் புகைக் கணக்கும் போய் நிற்க வேண்டும், புகை கூடினால் வரி கூடும். பெண் கேட்டு வருகிறவர்கள் குலம் கோத்திரம் விசாரிப்பதுபோல, கம்பி எந்த ஆலையில் உருகியது, நம்மிடம் வந்து என்ன தீயைத் தின்றது என்று விசாரிக்கிறார்கள். தென்காசியில் படித்தவன் எல்லாம் முழித்தான். நான் முழிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் விஞ்ஞானத்தில் நான் வாங்கிய மார்க்கை வீடு வீடாகப் போய்ச் சொன்ன தலைமையாசிரியர், நான் பத்தாவதுக்கு வரவில்லை என்ற மன வருத்தத்தில்தான் மாற்றல் வாங்கிப் போனார். கம்பெனிக்காரர்கள் கணக்குக் கேட்ட அன்றைக்கே விசிட்டிங் கார்டு அடித்தேன். புளியங்குடி எலுமிச்சைக் கமிஷன் கடைக்காரர்கள்கூட வேன் பிடித்து வந்து எலுமிச்சைக்குப் புகை எவ்வளவு என்று கேட்டார்கள். குறைவுதான் என்று தைரியம் சொல்லி அனுப்பினேன்.

நம் பட்டறைக்கு நான் எழுதிக் கொடுத்த கணக்கு சுழி, அதாவது பூஜ்யம். குற்றாலத் தண்ணீர் மாதிரிச் சுத்தமான சுழி. காரணமும் இருக்கிறது. கம்பிக்குரிய புகையை ஆலைக்காரனே எழுதித் தந்துவிட்டான். நீ பணம் அனுப்பி வாங்கிய கரண்டு உலை வந்துவிட்டது, உன் அப்பா கட்டிய கரி உலையில் அவர் காலமான பிறகு யாரும் இரும்பு வைப்பதில்லை. அவர்கள் சட்டப்படி போல்ட்டுக்குக் கரண்டு இந்தக் கணக்கிலேயே வராது. கம்பெனிக்காரர்கள் பூரித்துப்போய் அந்தச் சுழியை நம்பியே வருஷத்துக்கு விலை பேசினார்கள். சுழி தப்பினால் கோயம்புத்தூர்ப் பட்டறைக்குப் போய்விடுவோம் என்றும் சொன்னார்கள். இந்த ஒரு ஆர்டரை வைத்துத்தான் பட்டறையில் வேலை செய்கிற அத்தனை வீட்டிலும் உலை கொதிக்கிறது என்பது உனக்குத் தெரியும்.

நான் எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்று. உன் அப்பாவைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு நாம் திரும்பியபோது பட்டறையில் கரி உலை அணைந்து கிடந்தது. நீயும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை, உன் அம்மா கவனித்திருக்கிறாள். நீ காரியம் முடிந்து விமானம் ஏறிய மறுநாள் விடியற்காலையில், உலைக்குக் காற்றடிக்கும் கரண்டு ப்ளோயர் சத்தம் கேட்டது. அத்தான் இருந்தபோது நம் தெருவையே எழுப்புமே, அதே சத்தம். பதறிப்போய் ஓடினேன். அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கூடைக் கரியைக் கொட்டி, கரி உலையைப் பற்றவைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். இரும்பு வைக்கவில்லை. தீ மட்டும் எரிந்தது. தினமும் அப்படித்தான்.

இந்த நிலையில் போன புதன்கிழமை, கணக்கு நிஜமா என்று பார்த்துக் கையெழுத்துப் போட ஆள் வந்தது. வெள்ளைக்காரன் வருவான் என்று மாலை, அன்னாசிப்பழம், இங்கிலீஷ் மூன்றும் தயாராக வைத்திருந்தேன். வந்தது நிலோபர் என்று ஒரு பிள்ளை, சாரலில் நனைந்துகொண்டு ஸ்கூட்டியில். உலை எரிகிற நேரமாயிற்றே என்று நான் சமயோசிதமாக, "மொதல்ல ஐந்தருவியில குளிச்சிட்டு, செங்கோட்டை ரோட்ல பரோட்டா சாப்பிட்டுட்டு வந்துருவோம், காரு ரெடியா நிக்குது" என்றேன்.

"அண்ணாச்சி, நான் கடையநல்லூர். அருவி எல்லாம் நெறையப் பாத்தாச்சு. அங்கன பொகை வருதே, அது என்ன?"

"டீ போடுதாங்க."

"எத்தனை பேருக்கு?"

"ஊருக்கே போடுவோம். எங்க குடும்பத்துக் கை அப்படி."

"அப்போ பால் சட்டி எங்கன?"

டீ இல்லை, கொசுவுக்குப் போடுகிற மூட்டம் என்றேன். கொசுவுக்கா இவ்வளவு நிலக்கரி என்றாள். எங்கள் ஊர்க் கொசுவை நீ பார்த்ததில்லை என்று தொடங்கி, யானைப்பாலத்தில் ஒரு கொசு ஆட்டுக்குட்டியைத் தூக்கிய விவரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது உன் அம்மா வந்துவிட்டாள்.

"ஏலே பாலு, வாயை மூடுதியா. நீ வாம்மா, இங்கன உக்காரு. அது ஒண்ணும் செய்யல. சும்மா எரியுது."

"சும்மான்னா?"

"அவுக இருக்கும்போது எரிஞ்சுது. அதான் எரியுது."

அந்தப் பிள்ளை பேனாவை மூடிவிட்டு உலையையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு சொன்னது: "எங்க வாப்பா மவுத்தான பெறகு உம்மா அவங்க செருப்பை இன்னும் வாசல்லேருந்து எடுக்கல. செருப்புக்குப் பொகை கெடையாது. அதனால யாரும் வந்து கேக்கல." பேனாவைத் திரும்பத் திறந்துகொண்டு, "ஆனா எரிஞ்ச கரியை நான் எழுதாம விட முடியாதும்மா. ஏதாவது ஒரு பொருள் தலையில எழுதணும். இங்கன போல்ட்டைத் தவிர வேற பொருளே இல்லை" என்றது.

"இந்தத் தீயில அந்தப் போல்ட்டு வேகவே இல்லையே. அது எதுக்குச் சுமக்கணும்?"

"வேற சுமக்க ஆள் இல்லையேம்மா."

எரிந்ததை எரிந்ததாகவே எழுதினாள். கம்பெனிக்குப் போன் போட்டுப் பேசினாள். முடிந்த மாதங்களைப் பொறுத்துக்கொள்கிறோம், இனிமேல் கரி எரியக்கூடாது, எரிந்தால் கோயம்புத்தூர் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இன்னைக்குப் போட்ட கரி எரிஞ்சு முடியட்டும். தண்ணி மட்டும் ஊத்தாதீங்க" என்றாள். நானும் ஆலோசகர் என்ற முறையில் தலையசைத்து ஒப்புதல் கொடுத்தேன்.

அந்தப் பிள்ளைக்கு வேலை முடிந்துவிட்டது, போயிருக்கலாம். போகவில்லை. மூன்று பேரும் உலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். துபாய் மன்னர் எனக்கு வாட்ச் கொடுத்த கதையைச் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. சிவப்பு கறுத்து, கறுப்பு வெளுத்துச் சாம்பலானதும் அக்கா எழுந்துபோய்ச் சொதி வைத்து அந்தப் பிள்ளைக்குச் சோறு போட்டாள். அது குனிந்தபடியே சாப்பிட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தது.

ஆக, மருமகனே, ஆர்டர் நிலைத்தது, பட்டறை பிழைத்தது, உன் மாமன் புகழ் தூத்துக்குடித் துறைமுகம் தாண்டிப் போயிற்று. உன் அம்மா வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள், டிவியில் நாடகம் பார்த்துச் சிரிக்கிறாள். உன்னைப் பற்றிக் கேட்கக்கூட இல்லை. நீ அங்கே தலையில் வெயில் படாமல், வயிறு வாடாமல், சூப்பர்வைசர் பொறாமைப்படும்படி இருக்கக் குற்றாலநாதரும் குழல்வாய்மொழியம்மையும் துணை நிற்பார்கள் என்று ஆசீர்வதிக்கும்,

மாமா பால்வண்ணநாதன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டி எடுத்துக்கொண்டு போகிற வழியில் பட்டறையில் ப்ளோயர் சத்தம் கேட்டது. உள்ளே போய்ப் பார்த்தேன். உலையில் கரி இல்லை. சாம்பலைக்கூட வழித்துக் கூட்டிவிட்டு, வெறும் உலைக்கு எதிரே உட்கார்ந்து அக்கா ப்ளோயரை மட்டும் ஓடவிட்டிருக்கிறாள். நான் கேட்பதற்குள், "கரண்டு கணக்குல வராதுல்லா" என்றாள். பிறகு, "மணிக்கு இந்தச் சத்தம் ஞாபகம் இருக்குமாலே" என்று கேட்டாள். கடிதத்தைத் திரும்பப் பிரித்துத்தான் இதை எழுதுகிறேன். மேலே அக்கா சொன்னதும் அந்தப் பிள்ளை சொன்னதும் அப்படியே நடந்தது. அக்கா சாப்பிட்டது, தூங்கியது, சிரித்தது மூன்றும் நானாக எழுதியது. லீவு கேள். வந்துவிடு.