கத்திரி படாத பெட்டி

அன்று காலை கண்ணாடி முன்னால் நின்றபோது லாக்கர்காரர் இரண்டு முடிவுகள் எடுத்திருந்தார். ஒன்று, இன்றைக்கு அவர்தான் சங்கத் தலைவர். இரண்டு, அதற்கப்புறம் இந்த வீட்டில் அவர் பேச்சு எடுபடும். இரண்டில் எது கஷ்டமானது என்று கல்யாணமானவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சங்கம் என்றால் தொழிற்சங்கம், தமிழ்ச்சங்கம் என்று பெரிதாக நினைத்துவிடாதீர்கள். செங்கல் சங்கம். பிளாஸ்டிக் செங்கல். குழந்தைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அழுத்திக் கோட்டை, கப்பல், ரயில் என்று கட்டி விளையாடுமே, அந்தக் குட்டிச் செங்கல்தான். அதைப் பெட்டி பெட்டியாக வாங்கிச் சேர்க்கிற நரைத்த தலைகளின் சங்கம் அது. ஊரில் பெரிய பல் டாக்டர் அதில் இருக்கிறார். பிடுங்குகிற நேரம் போக மிச்ச நேரத்தில் கட்டுகிறார், பாவம்.

நம்மவர் மட்டும் கட்ட மாட்டார். பெட்டியைப் பிரிக்கவே மாட்டார். வங்கியில் லாக்கர் அறைக்குப் பொறுப்பாளர். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காவல் காத்துக் காத்து அதுவே அவருக்குச் சுபாவமாகிவிட்டது. பிரித்தால் அது பொம்மை, பிரிக்காதவரைக்கும் அது பொக்கிஷம் என்பார். வாரம் ஒருமுறை பரணிலிருந்து பெட்டிகளை இறக்கித் துடைப்பார். ஒவ்வொன்றாகக் காதோடு வைத்துக் குலுக்குவார். சலக் சலக் என்று சத்தம் வரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். திரும்பப் பரணில் ஏற்றிவிடுவார். அவர் விளையாட்டு அவ்வளவுதான்.

அவர் சம்சாரம் தையல்காரம்மா. முன்னறையில் ஒரு மெஷின், ஒரு வெட்டு மேஜை, மூலையில் பெண்கள் போட்டுப் பார்க்க நீலத் திரை போட்ட ஒரு மறைப்பு. புதுத்துணியை விடப் பழையதைப் பிரித்துத் தைப்பதில்தான் அந்தம்மா கை தேர்ந்தவள். பெருத்தவர்களுக்கு விட்டுக் கொடுப்பாள், இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பாள். பிரித்த இடமும் தெரியாது, தைத்த இடமும் தெரியாது. இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். லாக்கர்காரர் ஞாபகம் வைத்துக்கொள்ளாததால்தான் இந்தக் கதை.

ஆரம்பத்தில் ஒருநாள் அந்தம்மா, ஒரே ஒரு பெட்டியையாவது பிரித்து இரண்டு பேரும் உட்கார்ந்து கட்டிப் பார்க்கலாமே என்று ஆசையாகக் கேட்டாள். மனுஷருக்கு முகம் வெளுத்துப் போய்விட்டது. அவள் கையைப் பிடித்துத் தையல் மெஷின் மேல் வைத்தார்.

"சத்தியம் பண்ணு. என் பெட்டி மேல உன் கத்திரி படக்கூடாது."

"சரிங்க. கத்திரி படாது. நீங்களும் பண்ணுங்க, இனிமே புதுசா ஒண்ணும் வாங்க மாட்டேன்னு."

அவரும் கை வைத்தார். அந்தக் கையின் சூடு மெஷினில் ஆறுவதற்குள் அடுத்த பெட்டிக்குச் சொல்லி வைத்துவிட்டார்.

வாங்குவது சுலபம். வீட்டுக்குள் கொண்டுவருவதுதான் பாடு. இதற்கு யோசனை சொன்னது மேஸ்திரி. சங்கத்தின் கைபேசிக் குழுவில் அந்தப் பெயரில் ஓர் ஆள். முகம் தெரியாது, குரல் தெரியாது. ஆனால் அவர் கட்டிப் போடுகிற படங்களைப் பார்த்தால் சங்கமே வாயைப் பிளக்கும். கோட்டை கட்டினால் கோட்டை மாதிரி இருக்கும். அதிசயம் என்னவென்றால், லாக்கர்காரர் எந்தப் பெட்டியைப் பரணில் ஏற்றினாலும், பத்து நாளில் மேஸ்திரி அதையே கட்டிப் படம் போட்டுவிடுவார். ரசனை என்றால் இப்படி ஒத்துப்போக வேண்டும் என்று லாக்கர்காரர் நெகிழ்ந்து போவார். பின்னால் தெரிகிற நீலத் திரையைக்கூட விடாமல் பாராட்டி எழுதுவார்.

நாளாவட்டத்தில் மேஸ்திரியிடம் மனசையே திறந்து வைத்துவிட்டார். பெட்டியைத்தான் திறக்க மாட்டார். வீட்டில் ஒரு மேலதிகாரி இருக்கிறாள் என்று எழுதுவார். அவளுக்கு இந்தக் கலையெல்லாம் எங்கே புரியப் போகிறது, சதுரத்துக்கும் வட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்று எழுதுவார். புதுப்பெட்டியை எங்கே ஒளிப்பது என்று ஒருமுறை கேட்டதற்கு, தையல் மெஷினுக்குக் கீழே துணி மூட்டைக்குள் வையுங்கள், பக்கத்தில் இருப்பதைப் பெண்கள் தேடுவதில்லை என்று மேஸ்திரி பதில் போட்டார். அவரும் அப்படியே வைத்தார். என்ன மூளை, என்ன மூளை என்று மாய்ந்து போனார்.

இன்றைக்குச் சங்கக் கூட்டம். தலைவர் தேர்வு. மேஸ்திரி முதல்முறையாக நேரில் வரப்போகிறார். தன் ஆதரவு லாக்கர்காரருக்குத்தான் என்று சொல்லாவிட்டாலும், உங்களைப் பற்றி நாலு வார்த்தை பேசுவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். லாக்கர்காரர் கையில் இருப்பதோ கலங்கரை விளக்கப் பெட்டி. தயாரிப்பே நின்றுபோன சரக்கு. சீல் உடையாமல் வைத்திருப்பவர் சங்கத்தில் இவர் ஒருவர்தான்.

எல்லாம் சரி. சட்டையில் நெஞ்சுக்கு நேரே பட்டன் இல்லை.

"ஏம்மா, தையல்காரி புருஷன் பட்டன் இல்லாம போனா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?"

"பட்டன் டப்பாவெல்லாம் காலியா இருக்குங்க. எல்லாம் எங்க போச்சுன்னு நானே தேடிட்டிருக்கேன். இப்போதைக்கு இந்த ஊக்கைக் குத்திக்குங்க."

ஊக்கைக் குத்திக்கொண்டார். அந்தம்மாவும் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தாள். எங்கே என்று கேட்டதற்கு, ஒருத்தருக்கு அளவெடுக்கணும், ரொம்ப நாளாத் தள்ளிப் போயிட்டே இருக்கு என்றாள். நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு, பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்து அவர் புறப்பட்டார்.

கூட்டம் ஒரு பெரிய வணிக வளாகத்தின் மாடியில். வாசலில் பைகளை உள்ளே விட்டுச் சோதிக்கிற எந்திரம். காவலுக்கு ஒரு பெண். பெட்டியை அதில் வைக்க அவருக்கு மனசே இல்லை; வேறு வழியில்லாமல் வைத்தார். பட்டை நகர்ந்தது. பெட்டி உள்ளே போனது. காவல்காரப் பெண் திரையைப் பார்த்தாள். பட்டையை நிறுத்தினாள். பெட்டி மேல் போட்டிருந்த படத்தைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"சார், நீங்க தையல் கடை வெச்சிருக்கீங்களா?"

"ஏன் கேக்கறீங்க?"

"பெட்டி நிறைய பட்டனா இருக்கே."

அவர் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே நின்றார். திரை முழுக்க வட்டம் வட்டமாக. இரண்டு ஓட்டை, நாலு ஓட்டை. ஓரத்தில் ஒரு நட்சத்திர வடிவப் பட்டன். ஒரு செங்கல்கூட இல்லை. அந்த நட்சத்திரப் பட்டனை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று மட்டும் ஒரு மூலையில் ஓடியது. எதிர்வீட்டுக் குழந்தைக்கு அவர் சம்சாரம் தைத்துக் கொடுத்த கவுனில் அதே மாதிரி ஒரு வரிசை இருந்தது. வேண்டாம், அந்தப் பக்கம் யோசிக்காதே என்று மனசை அடக்கினார்.

அதற்குள் வரிசையில் பின்னால் நின்ற பல் டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டார். பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கடைவாய்ப் பல்லைப் பார்க்கிற மாதிரி. சீல் சீலாக இருந்தது. ஒட்டு ஒட்டாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. அப்படியானால் இது தொழிற்சாலையில் நடந்த தவறு, செங்கலுக்குப் பதில் பட்டன் அடைத்து சீல் வைத்துவிட்டார்கள், உலகத்திலேயே இப்படி ஒரே ஒரு பெட்டிதான் இருக்கும் என்று அங்கேயே அறிவித்துவிட்டார்.

மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் செய்தி பரவிக் கூட்டம் கூடிவிட்டது. ஆளாளுக்குக் கைபேசியை எடுத்தார்கள். ஒருவர் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இன்னொருவர் தலைவர் நாற்காலியை இழுத்து வந்து நடுவில் போட்டார். லாக்கர்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் சும்மா இருக்கக் கூடாதா? தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்கு இது வாங்கின அன்றைக்கே தெரியும் என்றார். செங்கல் சத்தம் வேறு, பட்டன் சத்தம் வேறு, தேர்ந்த காதுக்குத்தான் அது பிடிபடும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். உட்காருங்கள் தலைவரே என்று பல் டாக்டரே நாற்காலியைக் காட்டினார்.

உட்காருவதற்காக அவர் வேட்டியை ஒதுக்கிக் குனிந்த நேரத்தில் வாசல் பக்கம் சலசலப்பு. மேஸ்திரி வந்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். பாதி உட்கார்ந்த நிலையில் அவர் திரும்பிப் பார்த்தார்.

முதலில் தெரிந்தது கலங்கரை விளக்கம். முழுசாகக் கட்டி முடித்தது. வெள்ளையும் சிவப்புமாக, உச்சியில் விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிப் பிடித்திருந்த கை தெரிந்தது. அந்தக் கையில் அவர் வாங்கிக் கொடுத்த வளையல் தெரிந்தது. அதற்கு மேல் நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

தையல்காரம்மா. தோளில் அளவு நாடா. மார்பில் 'மேஸ்திரி' என்று பூத்தையல் போட்ட அட்டை.

நாற்காலியில் உட்காரவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் மனுஷர் அந்தரத்தில் நின்றார். அவளோ கலங்கரை விளக்கத்தைப் பதமாக மேஜையில் வைத்துவிட்டு, எல்லோருக்கும் ஒரு வணக்கம் போட்டாள்.

"நீ... நீ எங்கம்மா இங்க?"

"அளவெடுக்க வந்தேங்க."

"என் பெட்டி... சத்தியம் பண்ணியே. மெஷின் மேல கை வெச்சுச் சத்தியம் பண்ணியே."

"ஆமா, பண்ணேன். கத்திரி படாதுன்னு. படலையே. அடிப்பக்கம் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை மேலாப்ல ஓட்டினேன். பசை தானா விட்டுக்கிச்சு. வேலை முடிஞ்சதும் திரும்ப ஒட்டிட்டேன்."

"அப்ப எல்லாப் பெட்டியுமா?"

"பரண்ல இருக்கறதெல்லாம் பட்டன். துணி மூட்டைக்குள்ள ஒளிச்சீங்களே, அதெல்லாம் கொக்கியும் ஊக்கும். சத்தமும் சரியா வரணும், எடையும் சரியா வரணும்ல. நிறுத்துப் பார்த்துத்தான் போட்டேன்."

பல் டாக்டர் கையிலிருந்த உலகத்திலேயே ஒரே ஒரு பெட்டியை மெதுவாகத் தரையில் வைத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

லாக்கர்காரருக்குப் பெட்டி போனது ஓர் அடி என்றால், அதைவிடப் பெரிய அடி இப்போதுதான் மெல்ல மெல்ல இறங்கியது. மேஸ்திரி. மேஸ்திரிக்குத் தான் எழுதினதெல்லாம். மேலதிகாரி என்று எழுதியது, எங்கே ஒளிப்பது என்று கேட்டது, நீலத் திரையைப் பாராட்டியது. அந்தத் திரைக்குப் பின்னால் பெண்கள் துணி மாற்றுகிற இடமாயிற்றே என்று கௌரவமாக ஒருநாளும் அவர் எட்டிப் பார்த்ததில்லை. அங்கேதான் கோட்டையும் கப்பலும் ரயிலும் வரிசையாக நின்றிருக்கின்றன. ஊக்கு குத்தின இடத்தில் சட்டை வேர்வையில் நனைந்தது.

அவள் குரலை உயர்த்தவில்லை. தைத்த துணியை வாங்க வந்தவர்களிடம் பேசுகிற அதே குரலில்தான் பேசினாள்.

"உங்களைப் பத்தி நாலு வார்த்தை பேசறேன்னு சொல்லியிருந்தேன். பேசிடறேன். சதுரத்துக்கும் வட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாதவள்னு என்னை எழுதினீங்க. சதுரத்தை எடுத்துட்டு வட்டத்தைப் போட்டேன். வாரா வாரம் காதுல வெச்சுக் கேட்டீங்க. யாருக்குத் தெரியலைங்க?"

பல் டாக்டர்தான் முதலில் கை தட்டினார். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள், சற்றுமுன் இவருக்குத் தட்டியதைவிடப் பலமாக. நாற்காலி அவருக்குக் கீழே இருந்து நகர்ந்தது. யார் இழுத்தார்கள் என்று தெரியவில்லை. நிமிர்ந்து பார்க்கும்போது அதில் மேஸ்திரி உட்கார்ந்திருந்தாள். ஏகமனதான தேர்வு என்று பல் டாக்டர் சொன்னார். ஏகமனதில் ஒரு மனது லாக்கர்காரருடையது. அவர் கையும் எல்லோர் கையோடும் சேர்ந்து எப்படியோ உயர்ந்திருந்தது. கல்யாணமான நாள் முதல் பழக்கம்.

கூட்டம் கலையும்போது அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

அந்தம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்திருக்கும். ஒரே ஒரு பெட்டியைச் சேர்ந்து கட்டலாம் என்று அன்றைக்கு ஒத்துக்கொண்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றாள். கோட்டையை வேண்டுமானால் கலைத்துவிட்டு இரண்டு பேருமாக மறுபடி முதலிலிருந்து கட்டலாம் என்றாள். அவர் தலையை ஆட்டினார். ஆனாலும் பழக்கதோஷம் விடுமா? மடியிலிருந்த பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இதையாவது இப்படியே பிரிக்காம வெச்சுக்கறேன். எனக்குன்னு ஒரு பெட்டி இருக்கட்டும்."

"அது முடியாதுங்க. வீட்டுக்குப் போனதும் இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணுங்க."

"ஏன்?"

"உங்க சட்டை பட்டன் அதுலதான் இருக்கு."