எரியவில்லை என்று எழுதிய எறும்புதின்னி

ஒரு காட்டில், கண்ணாடி என்ற பொருள் வந்து சேரும்வரை எல்லா மிருகங்களும் சுமாரான அழகுடன் நிம்மதியாக வாழ்ந்துவந்தன. பிறகு ஆராவமுதன் என்ற நரி நகரத்துக்குப் போய், ஒரு கண்ணாடியும் நாற்பது பெட்டி முகக்களிம்பும் கொண்டுவந்து ஆலமரத்தடியில் கடை திறந்தான். கண்ணாடியை இலவசமாகக் காட்டினான்; களிம்பை விலைக்கு விற்றான். இந்த முறையை மாற்றிச் செய்த வியாபாரி எவனும் பிழைத்ததில்லை.

அக்காட்டில் அம்புஜம் என்ற காட்டெருமை இருந்தாள். காட்டெருமைகளுக்கு உடம்பெல்லாம் கறுப்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. அது பிறவி அமைப்பு. அம்புஜத்துக்கு அதில் ஒரு குறையும் தோன்றியதில்லை. கண்ணாடி வந்த வாரம், அவளுடைய நாத்தனார் மரகதம் அருகில் நின்று, "அண்ணி, வெள்ளையடிக்க வந்தவன் பாதியில் கோபித்துக்கொண்டு போன சுவர் மாதிரி இருக்கிறீர்கள்" என்றாள். மரகதமும் அதே நிறந்தான். ஆனால் கண்ணாடி சிறியது. ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் காட்டும். அன்று அதன் முன்னால் நின்றவள் அம்புஜம்.

அன்றே அவள் முகத்தை வெளுக்க வைக்கும் பால்நிலாக் களிம்பில் ஒரு டப்பா வாங்கினாள். டப்பாவின் முன்பக்கத்தில் 'முற்றிலும் இயற்கையானது' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதன் கீழே 'விலங்குகள் மீது சோதிக்கப்படாதது' என்றிருந்தது. நகரத்து மனிதர்களின் இந்த இரக்கத்தைப் படித்துப் பல மிருகங்கள் கண் கலங்கின. அப்படியானால் முதல் சோதனை நம்மீதுதான் என்று ஒன்றுகூட யோசிக்கவில்லை.

அந்தக் காட்டிலும் சட்டம் என்று ஒன்று இருந்தது. பூசிக்கொள்ளும் பொருள் எதையும் விற்பதற்கு முன்னால், ஆய்வாளர் அதைத் தமது தோலில் தடவி, அரை நாழிகை காத்திருந்து, சான்று வழங்க வேண்டும். ஆய்வாளர் கோதண்டபாணி ஓர் எறும்புதின்னி. நெற்றியிலிருந்து வால் நுனி வரை அவருக்கு ஓடு வேய்ந்தாற்போலச் செதில்கள். எதைத் தடவினாலும் அவர் முகம் சுளித்ததில்லை; அந்தப் பொறுமையை மெச்சியே அவருக்குப் பதவி கொடுத்திருந்தார்கள். அவர் பால்நிலாவை முதுகில் தடவினார், அரை நாழிகை தூங்கினார், 'எரியவில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டார். அதற்கு முன்பு சுண்ணாம்புக்கும் எருக்கம்பாலுக்கும் அவர் அதையேதான் எழுதியிருந்தார்.

நான்கு வாரத்தில் அம்புஜத்தின் முகம் வெளுத்தது. காடு மெச்சியது. ஆறாவது வாரம் கன்னத்தில் தடிப்பு கண்டது. எட்டாவது வாரம் நான்கு கால்களும் வீங்கின. அழுத்தினால் குழி விழுந்து, அப்படியே நின்றது. நரியிடம் போய்க் காட்டியபோது அவன் கொஞ்சமும் தயங்கவில்லை.

"வெளுப்பு உள்ளே இறங்குகிறது அம்மணி. அடுத்த டப்பாவில் சரியாகிவிடும்."

இந்தச் சமயத்தில் கோடை முற்றியது. கீழ்க்காட்டின் ஓடை வற்றுவதற்குள் எருமை மந்தை மலைமேல் புல்வெளிக்கு ஏறிவிடுவது வழக்கம். பின்தங்கியவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்காது. செந்நாய்கள் மட்டும் இருக்கும். மந்தையை நடத்திய பெரியநாயகி அம்புஜத்தின் கால்களைப் பார்த்துவிட்டு வழக்கத்தை நினைவூட்டினாள். பிறர் செய்த தீங்கால் முடங்கியவருக்காக மந்தை காத்திருக்கும். தானே தேடிக்கொண்ட நோய்க்குக் காத்திருக்காது. தீங்கு பிறரால் வந்தது என்று நான்கு நாளுக்குள் ஆய்வாளர் அலுவலகச் சான்று கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றாள். அவள் கெட்டவள் அல்ல. அறுபது வயிறுகளுக்குப் பொறுப்பானவள், அவ்வளவே.

அம்புஜம் முதலில் செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தாள். டப்பாவைத் தேவாங்கு கோமளத்திடம் எடுத்துப் போனாள். கோமளம் படித்தவள், கண்ணும் பெரியது. டப்பாவின் அடியில் கடுகைவிடச் சிறிய எழுத்தில் இருந்த பட்டியலை அவள் நிதானமாகப் படித்தாள். எது அதிகமோ அது முதலில் வரும் என்று விளக்கினாள். தண்ணீர், மெழுகு, பிறகு 'நறுமணம்' என்ற ஒரே சொல். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஐம்பது சரக்குகள் ஒளிந்திருக்கலாம், யாரும் பெயர் சொல்ல வேண்டியதில்லை என்றாள். கடைசிச் சொல்லுக்கு வந்தபோது படிப்பதை நிறுத்தினாள்.

"அக்கா, கலோமல் என்று போட்டிருக்கிறது. பாதரச உப்பு. தோலில் கறுப்பு ஊறுவதை இது தடுக்கும். அதோடு நிற்காது, தோல்வழியே இரத்தத்துக்குப் போய், சிறுநீரகத்தில் குடியேறிவிடும். உன் கால் வீங்கியது அதனால்தான்."

"கடைசியில்தானே இருக்கிறது? கொஞ்சமாகத்தான் சேர்த்திருப்பார்கள்."

"நாகம் கடித்தால் எத்தனை படி இறக்கும்?"

அம்புஜம் டப்பாவை மூடினாள். களிம்பை அன்றே நிறுத்தினாள். வைத்தியர் யானை பார்த்துவிட்டு, நல்லவேளையாகச் சீக்கிரம் நிறுத்திவிட்டாய், வீக்கம் வடிய இரண்டு மாதம் பிடிக்கும் என்றார். மந்தை புறப்பட நான்கு நாளே இருந்தது.

ஆய்வாளர் அலுவலகத்தில் புகார்ப் படிவம் மூன்று பிரதிகள் கேட்டார்கள். 'புகார்தாரரின் நிறம்: முன்பு, பின்பு' என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. வரிசையில் அவளுக்குப் பின்னால், தலைச்சாயத்தால் கண்ணிமை வீங்கிய குரங்கு ஒன்றும், காது உரிந்த முயல் ஒன்றும் நின்றன. மூன்றாம் நாள் அவள் முறை வந்தது. கோதண்டபாணி பால்நிலாவை மறுபடியும் முதுகில் தடவினார், மறுபடியும் தூங்கினார், எழுந்தார்.

"எரியவில்லை, அம்மா. கோளாறு உங்கள் தோலில்தான் இருக்கிறது."

"ஐயா, சட்டம் தோலில் தடவச் சொல்கிறது. நீங்கள் ஓட்டில் தடவியிருக்கிறீர்கள்."

"இருபது வருட நடைமுறை."

"உங்களுக்கும் அடிவயிற்றில் செதில் கிடையாது, தோல்தான். அங்கே தடவுங்கள். நாங்கள் காத்திருக்கிறோம்."

வரிசை முழுவதும் எட்டிப் பார்த்தது. குரங்கு மட்டும் மரியாதை குறையாமல் ஒரு திருத்தம் சொன்னது: "ஒரு தடவை போதாது சார். காலை, மாலை இரண்டு வேளை, அறுபது நாள். டப்பாவில் அப்படித்தான் போட்டிருக்கிறது."

கோதண்டபாணி டப்பாவைக் கையில் எடுத்தார். பணியில் சேர்ந்த பிறகு முதல் முறையாக அதைத் திருப்பி, அடியில் இருந்ததைப் படித்தார். பிறகு டப்பாவை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, வயிறு உள்ளே போகும்படி பந்தாகச் சுருண்டுகொண்டார். பந்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அம்மா, நான் குடும்பஸ்தன்."

"நானுந்தான்" என்றாள் அம்புஜம்.

வரிசை அரை நாழிகை காத்திருந்தது. அந்த அரை நாழிகை அவர் தூங்கவில்லை. பின்னர் ஒரு கை மட்டும் வெளியே வந்து, 'இக்களிம்பு தீங்கு விளைவிப்பது; விற்பனைக்கு உகந்ததன்று; அம்புஜத்தின் வீக்கம் இதனால் வந்ததே' என்று எழுதி முத்திரை வைத்தது. வயிறு எந்தச் சோதனைக்கும் உட்படுத்தப்படவில்லை.

சான்றைப் பார்த்த பெரியநாயகி முணுமுணுத்தபடி மந்தையை நிறுத்தினாள். வற்றும் ஓடையின் கடைசி மடுவை அறுபது பேரும் இரண்டு மாதம் பங்கிட்டுக் குடித்தார்கள். அம்புஜத்துக்குக் கால் வடிந்தது. முகத்தில் கறுப்பு திரும்பியது. அவள் யார்மீதும் சாயாமல் மலையேறினாள். வழியெல்லாம் மரகதம் அண்ணியின் நிறத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

நரி ஆராவமுதன் நட்டப்படவில்லை. மீதிப் பெட்டிகளின் சீட்டைக் கிழித்துவிட்டுக் 'கொம்பு மெருகு' என்று புதிய சீட்டு ஒட்டி, அதற்கு ஒரே நாளில் சான்றும் வாங்கிவிட்டான். ஆய்வாளருக்குக் கொம்பு இல்லை.

நீதி: டப்பாவின் அடியில் எழுதியிருப்பதைப் படிப்பது நல்லது, படித்தும் விளங்காவிட்டால், அனுமதி கொடுத்தவரின் வயிற்றில் தடவச் சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் படிக்கவும்.