பானெட்டைத் திறந்தால் வரும் வைத்தியர்

சீட்டு எடுத்து, நம்பர் கூப்பிடும்வரை காத்திருந்து நாம் போய்ப் பார்க்கும் வைத்தியர்கள் ஓர் இனம். கார் பானெட்டைத் தூக்கும் சத்தம் கேட்ட மாத்திரத்தில், குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டுத் தாமே ஓடிவரும் வைத்தியர்கள் இன்னோர் இனம். இந்த இரண்டாம் இனம் இல்லாத தேத்தண்ணிக் கடை எங்கள் மலேசியத் தெலுக் இந்தானில் கிடையாது. உங்கள் ஊரில் இல்லையா? பானெட்டைத் திறந்துதான் பாருங்களேன்.

ஊரே மரியாதையாய் ‘பாக்’ போட்டு அழைக்கும் பாக் ஜம்ஹாரியை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் இலாகாவில் முப்பது வருஷம் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வுபெற்றவர். கார் வேலை எங்கே கற்றீர்கள் என்று கேட்டால், "தண்ணியும் குழாயில போகுது, கேஸும் குழாயில போகுது. இதுல கத்துக்க என்ன இருக்கு?" என்பார். ஏர்கான் குளிரவில்லை என்று யார் வந்தாலும் அவரிடம் ஒரு சடங்கு உண்டு. ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, காற்று வரும் துளைக்கு முன்னால் நீட்டுவார். கண்ணை மூடுவார். பிறகு பானெட்டுக்குள் தலையை விட்டு, ஏதோ ஒரு குழாயை, அது எந்தக் குழாயானால் என்ன, இரண்டு விரலால் நாடி பிடிப்பார். மீன் வாங்க வந்தவரும் மீன் விற்க வந்தவரும் மூச்சை அடக்கி நிற்க, மெதுவாகத் தலையை வெளியே எடுத்துத் தீர்ப்புச் சொல்வார்.

"கேஸ்தான்."

எப்போதும் கேஸ்தான்; ஏர்கானைக் குளிரவைக்கும் அந்த வாயு தீர்ந்துவிட்டதாம். விசிறி சுற்றாத கார் வந்தது, கேஸ்தான். பெல்ட் அறுந்து தொங்கிய கார் வந்தது, கேஸ்தான். ஏர்கானே இல்லாத ஒரு பழைய லாரி வந்தபோது மட்டும் கொஞ்சம் யோசித்தார். அது போகட்டும், நல்ல மனுஷர். ஊரில் பாதிக் கார்கள் வாசமாக இருப்பதுகூட அவர் புண்ணியம்தான். அந்தப் புண்ணியத்துக்குப் பிறகு வருகிறேன்.

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நோர்சியா அக்கா தன் இருபது வருஷக் காரோடு வந்தார். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில், பீடோரில், மத்தியானம் விருந்து. அதற்காக மூன்று அடுக்கு வெண்ணெய்க் கேக் வீட்டுக் குளிர்பெட்டியில் தயாராக இருக்கிறது. சம்பந்தியம்மாவோ பீடோரில் பேர்போன கேக்குக்காரி. மேலே வைத்த ரோஜாவில் ஓர் இதழ் இளகினால் போதும், ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார், மகளிடம்! காரோ, கிளம்பும்போது ஜில்லென்று வீசுகிறது. கால் மணி நேரத்தில் அடுப்பாகிவிடுகிறது.

அக்கா தேடி வந்தது தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்திலிருக்கும் ஏர்கான் மெக்கானிக் சியோவை. சியோ கதவு திறக்க இன்னும் ஒரு மணி நேரம். அதற்குள் பானெட்டைத் தூக்கி வைத்தாரே, அதுதான் தப்பு. தேத்தண்ணியை வைத்துவிட்டு ஜம்ஹாரி ஓடிவந்துவிட்டார்.

"அண்ணே, நீங்க உக்காருங்க. சியோ வரட்டும்."

"சியோ வந்தா கம்ப்ரஸர் போச்சும்பான். கழட்டிப் போட்டுருவான். உன் கேக்கு பீடோருக்குக் கேக்காப் போகாது, சூப்பாத்தான் போகும். கேஸ்தான் லா!"

ஜம்ஹாரி வீட்டிலிருந்து கேஸ் டப்பா வந்தது. கேஸ் ஏறியது. சாவியைத் திருப்பினால், ஜில்! ஜம்ஹாரி கூட்டத்தைப் பார்த்துத் தலையைச் சாய்த்தார். கேக்கை எடுக்கப் போன அக்கா கால் மணி நேரத்தில் கேக்கில்லாமல், வியர்வையில் முக்காடு நனைந்து திரும்பி வந்தார்.

"மறுபடி சுடுது, அண்ணே!"

"பழைய காருக்குத் தாகம் ஜாஸ்தி. இன்னொரு டப்பா."

இன்னொரு டப்பா. மறுபடி ஜில். மறுபடி கால் மணி. மறுபடி அடுப்பு. மணி பத்து. அக்காவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதுதான் சியோ கடைக் கதவைத் தூக்கினான். பானெட் பக்கம் போகவே இல்லை. காருக்குள் போய் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அக்கா, காத்து சுடுதா, இல்ல காத்தே குறையுதா?"

இதை யாரும் இதுவரை கேட்கவில்லை. அக்கா யோசித்தார். "முதல்ல குறையுது. அப்புறம்தான் சுடுது. நிறுத்தினா அடியில குளம் மாதிரி தண்ணி."

"அப்ப உள்ள ஐஸ் கட்டுது. காத்து வர வழியில்ல. நிறுத்தி வச்சா ஐஸ் உருகுது, திரும்பப் போட்டா ஜில்லுங்குது. அங்கிள், நீங்க கேஸ் ஏத்தாம சும்மா தேத்தண்ணி குடிச்சிட்டு இருந்திருந்தாலும் ஜில்லுன்னுதான் இருந்திருக்கும்."

டாஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றி, காற்றாடியை வெளியே இழுத்தான். பின்னாலேயே குருவிக்கூடு மாதிரி ஒன்று வந்தது. பழைய கார், வடிகட்டி கிடையாது. குளிரும் சுருளை அடைத்துக்கொண்டு, பழுப்பாய், நார் நாராய், காய்ந்த பாண்டான் இலை.

"எவன் லா இதுக்குள்ள தோட்டம் போட்டது?"

அக்கா மெதுவாகத் திரும்பினார். கூட்டமும் திரும்பியது. வெள்ளிக்கிழமை தவறாமல் கொல்லையிலிருந்து பாண்டான் இலையை அறுத்து வந்து, கடைக்கு வரும் கார்களிலெல்லாம் வாசத்துக்குச் சொருகுவது ஜம்ஹாரியின் தர்மம். மற்றவர்கள் சீட்டுக்கு அடியில் போடுவார்கள். அவர் விஷயம் தெரிந்தவர். "காத்தை இழுக்குற வாய்ல வச்சாத்தான் வாசம் சுத்தும்" என்று டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுச் சொருகுவார். இரண்டு வருஷமாக.

ஜம்ஹாரி விரலை நாக்கில் தொட்டார். நீட்ட இடமில்லை. விரலை இறக்கினார்.

"நான்தான் அப்பவே சொன்னேனே," என்றார், "கேஸ் போக வழியில்லன்னு."

சியோ இலையையெல்லாம் வழித்துப் போட்டு, அதிகமாக ஏறியிருந்த கேஸையும் இறக்கி முடிக்கும்போது மணி பதினொன்று. அக்கா முன்கதவைத் திறந்து பிடித்தார். "ஏறுங்க அண்ணே. மேலடுக்கை மடியில வச்சுப் பிடிக்க ஆள் வேணும்."

பீடோர் வரைக்கும் முக்கால் மணி நேரம். மெல்லிய பாத்திக் சட்டை, நெஞ்சுக்கு நேரே காற்று வரும் துளை, மடியில் கேக். பல் கிட்டியது. குளிரைக் கொஞ்சம் குறை என்று வாயைத் திறந்தால், சியோ வென்றான் என்று கையெழுத்துப் போட்டதாக ஆகாதா? திறக்கவில்லை. ரோஜாக்கள் அலுங்காமல் போய்ச் சேர்ந்தன. சம்பந்தியம்மா கேக்கை மூன்று முறை சுற்றி வந்து, சொல்ல ஒன்றும் கிடைக்காமல், "சாப்பிடலாம்" என்றார். அக்காவுக்கு அது பதக்கம்.

ஜம்ஹாரி நீலம் பாய்ந்த உதட்டோடு இறங்கி, மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் கேட்டார்: "கார்ல கை வச்சுப் பாருங்க. எப்படிக் குளிருது? நான் போட்ட கேஸ்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால், கால் மணி நேரத்தில் கார் அடுப்பாகிறது என்று நான் சொன்னபோதே, சியோ வாயைத் திறக்குமுன், கம்ப்ரஸர் என்றோ பெல்ட் என்றோ மனசுக்குள் ஒரு தீர்ப்பு எழுதினீர்களே, அது யார்? உங்கள் ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் பாருங்கள். ஈரமாக இருக்கிறதே! பக்கம் புரட்டத்தான் நனைத்தேன் என்பீர்கள். ஜம்ஹாரியும் ஏதாவது ஒன்று சொல்லத்தான் செய்வார்.