வில்லனின் முதுகும் ஒற்றுமைக் கருவியும்

மனித குலத்தின் முதுகுவலிக்கு இதுவரை கண்டுபிடிக்கப்பட்ட மருந்துகளில் தலைசிறந்தது பொம்மைத் துப்பாக்கிதான். தைலம், ஒத்தடம், ஊசி, ஓய்வு எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியவை. இந்த மகத்தான உண்மை ஒரு சரக்குக் கிடங்கின் நிர்வாகத்துக்குத்தான் முதன்முதலில் புலப்பட்டது. மருத்துவ உலகம் அந்த நிர்வாகத்துக்கு என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அந்த உண்மை வெளியான நாள் காலையில் வில்லனால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை.

வில்லன் என்றால் சினிமாவில் கதாநாயகியைக் கடத்திக்கொண்டு போகிறவன் அல்ல. கிடங்கில் மூட்டை சுமக்கிறவன். சுமந்து சுமந்து முதுகு வில்லாக வளைந்துவிட்டதால் கூட்டாளிகள் வைத்த பெயர் அது. அன்று அவன் முதலில் ஒருக்களித்தான், பிறகு முட்டிபோட்டான், பிறகு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டான். இப்படித் தவணை முறையில் எழுந்து முடித்தபோது அவன் மனைவி அடுப்பில் துணியைச் சூடு காட்டிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு? மாடி ஏறக் கூடாதுன்னு சொன்னாருல்ல?"

"ஏறக் கூடாதுன்னுதான் சொன்னாரு. மூட்டையோட ஏறக் கூடாதுன்னு சொல்லல."

"அதை வேற தனியாச் சொல்லணுமா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு, சுடுதுணியை அவன் இடுப்பில் ஓர் அழுத்து அழுத்தினாள். வில்லன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"ஏற முடியாதுன்னு சொன்னா, வேலையில இருந்து இறக்கி விட்ருவாங்க."

"அப்ப அந்த லிப்ட்டு என்னதான் ஆச்சு?"

"ஊறுது."

கிடங்குக்கு நாலு மாடி. சரக்கு ஏற்றுகிற லிப்ட் ஒன்றும் உண்டு. அது ஒருநாள் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்று, அங்கேயே நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. அன்று முதல் சரக்கெல்லாம் முதுகில் ஏறிப் போகிறது. லிப்ட்டைச் சரிசெய்து தரும்படி சுமைக்காரர்கள் மூன்று முறை கேட்டார்கள். நிர்வாகம் ஒருமுறைகூட மறுக்கவில்லை. கோரிக்கையை அன்போடு வாங்கி ஊறப் போட்டது.

ஊறியது போதும் என்று நிர்வாகத்துக்குத் தோன்றிய அன்றுதான் ஆலோசகர் வந்தார்.

வெள்ளைக் காலணி போட்ட இளம்பெண். "ஒற்றுமை ஆலோசகர்" என்று சட்டையிலேயே எழுதியிருந்தது. கீழ்த்தளத்தில் எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, மூச்சை இழுத்து விடச் சொல்லி, கண்ணைத் திறக்கச் சொல்லி, நோய்க்கான காரணத்தை அறிவித்தார்.

"உங்க முதுகுல பிரச்சினை இல்ல. உங்களுக்கு நடுவுல ஒற்றுமை இல்ல. ஒற்றுமை இல்லாத இடத்துலதான் வலி வந்து உட்காரும்."

கூட்டத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. அது ஊமையின் கை. வாய் மூடாமல் பேசுகிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

"மேடம், ஒரு மூட்டைய நாலு பேரு சேர்ந்து தூக்குனா அது ஒத்துமை. இங்க ஒரு மூட்டைக்கு ஒரு முதுகுதானே?"

"அருமையான பங்களிப்பு" என்று ஆலோசகர் கைதட்டினார். பதில் சொல்லவில்லை. ஆலோசகர்களுக்கு அது தொழில் தர்மம்.

பிறகு பெரிய அட்டைப்பெட்டி திறக்கப்பட்டது. உள்ளே பச்சையும் ஆரஞ்சுமாகத் துப்பாக்கிகள். கூடவே பொடி உருண்டைகள் நிறைந்த பொட்டலங்கள். "இது பொம்மை இல்லை. ஒற்றுமைக் கருவி" என்று ஆலோசகர் திருத்தினார். உருண்டைகளைத் தண்ணீரில் போட்டால் ஊதி, வழவழவென்று ஜெல்லாகிவிடும். அதைத் துப்பாக்கியில் நிரப்பி நண்பர்கள் ஒருவரை ஒருவர் சுட வேண்டும். பட்ட இடத்தில் உடைந்து தண்ணீராகிவிடும். நட்பு மிஞ்சும்.

சுமைக்காரர்களின் மேஸ்திரி ஒரு வாளித் தண்ணீரில் உருண்டைகளைக் கொட்டினார். சுமைக்காரர்கள் சுற்றி நின்று வாளியையே பார்த்தார்கள்.

"கடுகு மாதிரி இருந்தது, பாருடா, பட்டாணி ஆயிடுச்சு" என்றார் மேஸ்திரி.

"நம்ம கோரிக்கையும் இவ்ளோ நாளா ஊறுது. அது மட்டும் ஏண்ணே சுருங்கிக்கிட்டே போகுது?" என்றான் ஊமை.

அப்போது மேலாளர் வந்தார். அவர் அறை கீழ்த்தளத்தில், குளிர்சாதனத்துக்குப் பக்கத்தில். பெயர்தான் மேலாளர். மேல்மாடியை அவர் பார்த்தது லிப்ட் உயிரோடிருந்த காலத்தில். தொண்டையைச் செருமிக்கொண்டு, வரலாற்றில் இடம்பெறத் தக்க ஓர் அறிவிப்பைச் செய்தார்.

"மூணு விளையாட்டு. ஆபீஸ் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். ஜெயிக்கிற அணி ஒரு கோரிக்கை வைக்கலாம். ஒண்ணே ஒண்ணு. எதுவா இருந்தாலும் நிறைவேத்தித் தர்றேன்."

சுமைக்காரர்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லாரும் லிப்ட்டின் கதவைப் பார்த்தார்கள். ஆலோசகர் மூச்சுப் பயிற்சியால் கொண்டுவர முடியாத ஒற்றுமை அந்த ஒரு நொடியில் வந்துவிட்டது. வில்லனுக்கு இடுப்பு வலிகூட கொஞ்சம் தள்ளி நின்றதுபோல் இருந்தது.

முதல் விளையாட்டு "கொடியைப் பிடி". எதிரணியின் கொடியை எடுத்து வர வேண்டும். குண்டு பட்டவர் இரண்டு கையையும் தூக்கி, "நான் காலி" என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய்விட வேண்டும். கண்ணில் படாமலிருக்கப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு எல்லாரும் மூட்டைகளுக்கு நடுவே பதுங்கினார்கள். தொடங்கிய வேகத்தில் மேலாளர் மேஸ்திரியின் துப்பாக்கிக்கு நேராக வந்து நின்றார்.

"சார், சுட்டுக்கட்டுங்களா?" என்று மேஸ்திரி எழுந்து நின்று கேட்டார்.

"விளையாட்டுல சார் எல்லாம் கிடையாதுய்யா. சகஜமா சுடுங்க."

"சரிங்க சார். எந்தப் பக்கம் சுடட்டும்?"

மேலாளர் எந்தப் பக்கம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவருடைய கணக்கர் குறுக்கே ஓடிக் கொடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆபீசுக்கு ஒன்று.

இரண்டாவது விளையாட்டை ஆலோசகர் விளக்கினார். "இதுல ஒருத்தர் வில்லனா இருக்கணும். மத்த அணி அவரைத் தேடிச் சுடணும். விசில் ஊதுற வரைக்கும் அடி படாம இருந்தா வில்லன் ஜெயிச்ச மாதிரி. யார் வில்லன்?"

சுமைக்காரர்களின் கைகள் எல்லாம் ஒரே திசையில் நீண்டன.

"இவரேதான் மேடம். ரொம்ப வருஷமா இவர்தான் இருக்காரு" என்றான் ஊமை.

ஆபீஸ் அணி தேடியது, கண்டது, சுட்டது. ஆனால் ஆபீஸ்காரர்கள் மனிதனுக்கு நெஞ்சு எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் சுட்டார்கள். வில்லனுக்கு அந்த உயரத்தில் ஒன்றுமே கிடையாது. குண்டெல்லாம் அவன் தலைக்கு மேலே போய்ச் சுவரில் உடைந்து வழிந்தது. ஒருமுறை கணக்கர் கைக்கெட்டும் தூரத்தில் நின்று சுட்டும் படவில்லை.

"குனியாதீங்க, நேரா நில்லுங்க" என்றார் கணக்கர் எரிச்சலாக.

"நேராத்தாங்க நிக்கிறேன்" என்றான் வில்லன்.

விசில் ஊதியது. சுமைக்காரர்களுக்கு ஒன்று. வாழ்க்கையில் முதன்முறையாக அந்த முதுகால் அவனுக்கு ஓர் ஆதாயம். ஊமை ஓடிவந்து முதுகைத் தட்டிக்கொடுத்தான். வில்லனுக்குக் கண்ணில் பொறி பறந்தது. ஆனாலும் சிரித்தான்.

மூன்றாவது, முடிவான விளையாட்டு, "தலைவரைக் காப்பாற்று". கீழ்த்தளத்திலிருந்து நாலாம் மாடிக்கு ஆபீஸ் அணி தன் தலைவரைக் கூட்டிப் போக வேண்டும். தலைவர்மேல் ஒரு குண்டு பட்டாலும் தோல்வி. தலைவர், வேறு யார், மேலாளர். அவர்கள் ஏற வேண்டியது படிக்கட்டு. சுமைக்காரர்களின் சொந்த வீடு மாதிரி.

"இது ஜெயிச்ச மாதிரிதான்" என்றார் மேஸ்திரி. "மூணாம் மாடித் திருப்பத்துல நிப்போம். ரெண்டாம் மாடியிலயே அவங்களுக்கு நாக்குத் தள்ளிடும். வில்லா, நீ முன்னால நில்லு. நீதான் சுடணும். உன் முதுகுக்குத்தான் லிப்ட்டு."

அந்தப் படிக்கட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. எழுதாத சட்டம், ஆகவே எல்லாரும் கடைப்பிடிக்கிற சட்டம். மூட்டையோடு வருகிறவனுக்கு முன்னால் இருப்பது தெரியாது. தலை மூட்டைக்குக் கீழே இருக்கும். அவன் "முதுகு" என்று ஒரு குரல் கொடுப்பான். அந்தக் குரல் கேட்டால், படியில் நிற்கிறவன் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். யார், ஏன், எங்கே என்றெல்லாம் யோசிக்கக் கூடாது. யோசித்தவன் கால் போய்விடும். புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு முதல் நாள் கற்றுத் தருவது இதைத்தான். ஆபீஸ்காரர்கள் படியேறியதில்லை. அதனால் அவர்களுக்கு இது தெரியாது.

விசில் ஊதியது. கீழே காலடிச் சத்தம் கேட்டது. முதல் மாடியில் அது ஓட்டமாக இருந்தது. இரண்டாம் மாடியில் நடையாயிற்று. அதற்கு மேல் மூச்சுச் சத்தம்தான் வந்தது. பழைய பம்புசெட்டு ஒன்றை யாரோ படியில் இழுத்து வருவதுபோல் இருந்தது.

திருப்பத்தில் முதலில் தெரிந்தது கணக்கர். அவர் தலைவரைப் பார்த்தபடியே பின்பக்கமாக ஏறி வந்தார். தலைவர்மேலிருந்து கண்ணை எடுக்காமல் காப்பது என்றால் அப்படித்தான் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவருக்குக் கீழே, கைப்பிடிச் சுவரைக் கட்டிப் பிடித்தபடி, மேலாளர். நெஞ்சு முழுதும் திறந்து கிடந்தது. வில்லன் துப்பாக்கியைத் தூக்கினான். லிப்ட் மேலும் கீழுமாக ஓடுவது அவன் கண்ணுக்குத் தெரிந்தது. விரலை மடக்க வேண்டியதுதான் பாக்கி.

அதற்குள் ஊமைக்குப் பொறுக்கவில்லை. அவன் சுட்டான். குண்டு கணக்கரின் நடுமுதுகில் பட்டுத் தெறித்தது.

"ஐயோ, முதுகு" என்று கணக்கர் அலறினார்.

துப்பாக்கிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கீழே விழுந்தன. சுமைக்காரர்கள் எல்லாரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். வில்லனின் மூக்கு சுண்ணாம்பில் அழுந்தியது. அவன் மூளை 'சுடு' என்றுதான் சொன்னது. உடம்பு மூளையைக் கேட்கவில்லை. அது இத்தனை வருடமாக அந்த ஒரு சொல்லைத்தான் கேட்டு உயிரோடிருக்கிறது. பின்னால் காலணிகள் தேய்ந்து தேய்ந்து கடந்து போயின. நாலாம் மாடியில் ஆலோசகரின் விசில் ஊதியது.

யாரும் சுவரை விட்டு விலகவில்லை.

"யாருடா முதுகுன்னு குரல் குடுத்தது?" என்றார் மேஸ்திரி சுவரைப் பார்த்தபடியே.

"கணக்கர் சாருண்ணே."

"அவர் முதுகுல என்னடா மூட்டை?"

"மூட்டை இல்லண்ணே. என் குண்டு" என்றான் ஊமை. அதன் பிறகு அன்று முழுவதும் அவன் பேசவில்லை. பெயர் ஒருநாளைக்காவது பொருந்தியது.

மேலே போனால், வெற்றித் தலைவர் மூட்டைகளின்மேல் மல்லாந்து கிடந்தார். ஆலோசகர் குனிந்து, "சார், உங்க அணியோட கோரிக்கை?" என்று கேட்டார்.

"வாராவாரம்..." என்றார் மேலாளர். மூச்சு வாங்கினார். "வாராவாரம்... இதே மாதிரி... விளையாடணும்."

"கோரிக்கை ஏற்கப்பட்டது" என்று ஆலோசகர் அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். சுமைக்காரர்களும் தட்டினார்கள். தட்டாதவர்களுக்கு ஒற்றுமை இல்லை என்றாகிவிடும்.

பிறகு மேலாளர் எழுந்தார். எழுந்தவர் அப்படியே உட்கார்ந்தார். இரண்டு தொடையும் பிடித்துக்கொண்டன. கணக்கர் தூக்கப் பார்த்து, அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். படிக்கட்டு குறுகல். இரண்டு பேர் சேர்ந்து தூக்கி இறங்க முடியாது. ஒரு முதுகுதான் வேண்டும். மேஸ்திரி எல்லா முதுகுகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தலைகுனிந்துகொண்டார்.

"வில்லா, உன் முதுகுதாம்ப்பா நாற்காலி மாதிரி இருக்கு."

வில்லன் குனிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மேலாளர் ஏறிக்கொண்டார். மேலாளர் என்ற சொல்லுக்கு முழுப் பொருள் அன்றுதான் விளங்கியது. "முதுகு" என்று வில்லன் குரல் கொடுத்தான். எல்லாரும் சுவரோரம் ஒதுங்கினார்கள். கணக்கர்கூட ஒதுங்கினார். அன்றைய பயிற்சியில் யாராவது ஏதாவது கற்றுக்கொண்டார்கள் என்றால் அது இதுதான்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் மேலாளர் கேட்டார்: "ரொம்பக் குலுங்குதேப்பா. இங்க லிப்ட்டு ஒண்ணு இருந்துச்சே?"

"இருக்குங்க சார். ஓடல."

"அடடா. யாரும் சொல்லலையே. சரி பண்ணிடலாமே."

வில்லனின் கால் ஒரு கணம் படியில் நின்றது. பின்னால் வந்த ஆலோசகர் இதைக் கேட்டுவிட்டார்.

"கோரிக்கை ஒண்ணுதான் சார். மேலயே சொல்லிட்டீங்க. விதியை மீறினா ஒற்றுமை போயிடும்."

"ஓ" என்றார் மேலாளர். "விதின்னா விதிதான்." வில்லனின் தோளை ஆதரவாகத் தட்டினார். "அடுத்த தடவை நல்லா விளையாடுப்பா."

சாயங்காலம் வீட்டுப் படியில் அவன் காலெடுத்து வைத்ததும் மனைவி சுடுதுணியோடு எதிரே வந்தாள். விளையாட்டைப் பற்றி யாரோ அவளிடம் முன்னமே சொல்லியிருந்தார்கள்.

"லிப்ட்டு கிடைச்சுதா?"

"இல்ல. நானே லிப்ட்டு ஆயிட்டேன்" என்று சொல்லிவிட்டு வில்லன் தவணை முறையில் படுத்தான்.

இப்போது வாராவாரம் விளையாட்டு நடக்கிறது. முடிந்ததும் மேலாளர் வில்லனின் முதுகில் இறங்கி வருகிறார். கிடங்கில் முதுகுவலி அறவே ஒழிந்துவிட்டதாக நிர்வாகம் அறிவித்திருக்கிறது. சரிதான். நிர்வாகத்துக்கு முதுகுவலி இல்லை, அது உட்கார்ந்திருக்கிற முதுகுக்குத்தான் வலி. வாளியில் உருண்டைகள் ஊறுகின்றன. லிப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நிற்கிறது. வில்லனுக்கு நிர்வாகம் தர வேண்டியது ஓடுகிற ஒரு லிப்ட். அது இன்னும் பாக்கி.