பெரியப்பாவின் வரப்பும் என் வீடியோ கேமும்

குருவிநத்தம்,
பாகூர் கொம்யூன்.

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தங்கள் வாசகன் கணேஷ்குமார் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் மனைவி சிந்துவும் நலம். தாங்களும், போன இதழில் "சொந்தமாக வீடியோ கேம் செய்கிறீர்களா? சோர்ந்துவிடாதீர்கள்!" என்று கட்டுரை எழுதிய அந்த மகானுபாவரும் நலமாக இருக்க வேண்டும். அவர் நலமாக இருந்தால்தானே இந்தக் கடிதத்தைப் படித்து வயிறு எரிய முடியும்.

சென்னையில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ஊரோடு வந்து உட்கார்ந்து சொந்தமாக ஒரு கேம் செய்துகொண்டிருந்தவன் நான். சிந்து அதற்கு ஒரு கெடு வைத்திருந்தாள். இந்த வருஷத்துக் கரும்பில் கத்தி வைப்பதற்குள் கேமை முடித்துவிட வேண்டும், முடியாவிட்டால் வாயைத் திறக்காமல் மறுபடி கம்பெனிக்கே போய்விட வேண்டும். கரும்பு மளமளவென்று வளர்ந்தது, கேம் வளரவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் கட்டுரை வந்தது. ஐடியா வரவில்லையென்றால் காலாற நடந்துவிட்டு வா என்று போட்டிருந்தீர்கள். ஐயா, எங்கள் ஊரில் பைக் வைத்திருக்கிறவன் நடந்து போனால் வீட்டில் சண்டை என்று அர்த்தம். ஆற்றங்கரையைப் பார்த்து நான் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தவனை, பால் சொசைட்டி பாக்யராஜ் வழிமறித்து, ஆறுதல் சொல்லிக்கொண்டே வண்டியில் ஏற்றி வாசலில் கொண்டுவந்து இறக்கினார். போகிற போக்கில் சிந்துவிடம், கொஞ்சம் அனுசரித்துப் போம்மா என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்குச் சோறு போட்டது யார் என்று கேட்காதீர்கள்.

அடுத்த வரியில், ஐடியாவைத் தேடி அலையாதே, கண்ணெதிரே இருப்பதைப் பார் என்று போட்டிருந்தீர்கள். என் கண்ணெதிரே எங்கள் நிலம்தான் இருந்தது. சரியென்று அதையே கேமாக்கினேன். மோட்டார் கொட்டகையிலிருந்து வரும் தண்ணீரை, மடையை வெட்டியும் அடைத்தும், வரப்பு உடையாமல் கடைசிப் பாத்தி வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். திரையில் அந்தத் தண்ணீர் முதன்முதலாகக் கடைசிப் பாத்தியைத் தொட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். செய்ததை உடனே நாலு பேருக்குக் காட்டு, அவர்கள் சந்தோஷமே உனக்கு ஊக்கம் என்ற வரியை நம்பி, அடுத்த வீட்டில் இருக்கும் என் பெரியப்பா நாகராஜனிடம் போய்க் காட்டினேன். அவர் நிலமும் எங்கள் நிலமும் பக்கத்துப் பக்கம், நடுவில் ஒரே வரப்பு. அந்த வரப்பால்தான் அவருக்கும் அப்பாவுக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

பெரியப்பா தண்ணீரைப் பார்க்கவில்லை. திரையில் மூக்கு முட்டக் குனிந்து வரப்பைப் பார்த்தார். பட்டன் வைக்க இடம் போதவில்லையென்று அதை நான் ஒரு விரற்கடை அவர் பக்கமாக நகர்த்தியிருந்தேன்.

"இன்னாடா இது, வரப்பு எம் பக்கம் வந்து கெடக்குது? உங்கொப்பன் சொல்லிக் குடுத்தானா?" என்றார்.

பட்டனுக்காக என்றேன். அது எடுபடவில்லை. மறுநாளே, கணேசு கம்ப்யூட்டரில் நிலம் அளக்கிறான், பட்டாவை மாற்றப் போகிறான் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆளாளுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, என் வாய்க்காலை ஏன் குறுக்கினாய், என் மோட்டாரை ஏன் காணோம் என்கிறார்கள். எதிர்வீட்டுக் காசம்மாள் வந்து, திரையில் நிற்கும் செவலைப் பசு தன்னுடையது, அதை அடுத்தவன் கொல்லையில் எப்படிக் கட்டலாம், இப்போதே அவிழ்த்துவிடு என்றாள். ஐடியாவுக்குப் பஞ்சமா ஐயா? கொட்டோ கொட்டென்று கொட்டியது.

குறை சொன்னால் கோபப்படாமல் திருத்து என்றும் போட்டிருந்தீர்களே, திருத்தினேன். வரப்பை எங்கள் பக்கம் தள்ளிவைத்தேன். விஷயம் தெரிந்து அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

"கம்ப்யூட்டர்லயே வுட்டுக் குடுத்துட்ட. நாளைக்கு நெலத்துல வுட்டுக் குடுக்க எம்மாம் நேரம் ஆவும்?"

அதற்குப் பதில் தேடி உங்கள் கட்டுரையை மறுபடி புரட்டினேன். அதில் அப்படி ஒரு வரியே இல்லை. வந்த ஆத்திரத்தில் வரப்பையே எடுத்துப்போட்டேன். தண்ணீர் கண்டபடி ஓடியது, கேம் கேமாக இல்லை. ஆனால் முகம் கொடுத்துப் பேசாத அண்ணனும் தம்பியும் ஒன்றாக வந்து நின்று, வரப்பு எங்கேடா என்று ஒரே குரலில் என்னைத் திட்டினார்கள். சாட்சிக்கு இருக்கட்டும் என்று பெரியப்பா தன் போனிலும் அதை ஏற்றி வாங்கிக்கொண்டார். அதற்குள் சர்க்கரை ஆலையிலிருந்து கரும்புக்கு வெட்டு உத்தரவு வந்துவிட்டது. சிந்து பரண்மேலிருந்து என் பெட்டியை இறக்கித் துடைத்துவைத்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கேமை அழித்துவிட்டேன் ஐயா. திங்கட்கிழமை சென்னைக்குக் கிளம்புகிறேன். இனி இம்மாதிரிக் கட்டுரை போடுவதானால், பங்காளி இல்லாதவர்கள் மட்டும் படிக்கவும் என்று மேலே ஒரு வரி போட்டுவிடுங்கள்.

தங்கள் பத்திரிகைக்கு வாசகர் குறையாமலும், தங்கள் வீட்டு எல்லையில் வம்பு வராமலும் இருக்க எங்கள் ஊர் அம்மனை வேண்டிக்கொள்ளும்,
கணேஷ்குமார்.

பி.கு.: இதைத் தபாலில் போட மறந்து வைத்திருந்ததில் ஊரில் காரியம் நடந்துவிட்டது, ஆகவே மேலே கண்டதை வெளியிட வேண்டாம். பெரியப்பா போனில் இருந்த வரப்பில்லாத கேமை ஒரு மனை புரோக்கர் பார்த்திருக்கிறார். இரண்டு நிலமும் ஒரே சதுரமாக எவ்வளவு அம்சமாக இருக்கிறது என்றாராம். அண்ணனும் தம்பியும் ஒரே வண்டியில் போய் நிலத்தை விற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வழியில் சேர்ந்து டீயும் குடித்துவிட்டு வந்தார்கள். மனை வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட என்று கேமையும் புரோக்கர் கேட்டார். தண்ணீரை எடுத்துவிட்டு ரோடு போடச் சொன்னார், பெரியப்பா போனில் இருந்ததைப் பார்த்து மறுபடி செய்து, போட்டுக் கொடுத்தேன். நான் முடித்த முதல் கேம் அதுதான். கத்தி வைப்பதற்குள் முடிந்துவிட்டதால் சிந்து பெட்டியை மறுபடி பரணில் ஏற்றிவிட்டாள். அடுத்த கேமுக்கு எதைக் கெடு வைப்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை, அடுத்த வருஷம் வெட்டுவதற்குக் கரும்பு இருக்காது. எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. ஐடியா ஏதாவது இருந்தால் எழுதுங்கள். கண்ணெதிரே இருப்பதைப் பார் என்று மட்டும் எழுத வேண்டாம். கரும்பு வெட்டிக்கொண்டு போகிறவர்கள் பின்னாலேயே மனைக்கல் நட்டுக்கொண்டு வருகிறார்கள்.