மாப்பிள்ளைக்கு ஒரு சோடி ஸ்கீ

அஜின்கோர்ட்,
ரொறன்ரோ.
பொங்கலுக்கு மூன்று நாள் முன்.

என்றும் மதிப்புக்குரிய அத்தானுக்கு,

மைத்துனன் மகேஸ்வரன் பணிவுடன் எழுதுவது. இங்கு நானும் சந்திரவதனாவும் பிள்ளையார் தயவில் சுகம். அங்கு தாங்களும் பாலேஸ்வரி அக்காவும் அவவின் இடது முழங்காலும் சுகமாயிருக்க வேண்டுகிறோம். இந்தக் காலத்தில் கடதாசியில் கடிதமா என்று யோசிப்பீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் அக்கா அதைக் குடும்பக் குழுவில் போட்டுவிடுவா. பிறகு ஒஷாவாவில் இருக்கிற சம்பந்தி வீட்டார் படித்துவிட்டுக் கட்டைவிரல் காட்டுவார்கள். ஆகவேதான் முத்திரை ஒட்டுகிறேன்.

மகள் துர்க்காவுக்கும் ஜதுர்சனுக்கும் ஆவணியில் கலியாணம் நடந்தது தாங்கள் அறிந்ததே. இது அவர்களுடைய முதற் பொங்கல். மாப்பிள்ளை மனதில் நினைத்திருக்கிற பொருளை மாமனார் வாங்கிக் கொடுக்க வேண்டும், ஆனால் அவரிடம் நேரே ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது என்ற எங்கள் வீட்டு வழக்கத்தைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தங்களுக்குச் சைக்கிள் வாங்கியபோது எங்கள் அப்பா தங்கள் கால் நீளத்தைத் தையற்காரரிடம் போய் விசாரித்து வந்தவர். நானும் முறைப்படி சந்திரவதனாவிடம் சொன்னேன், அவ துர்க்காவிடம் கேட்டா. மணிக்கூடு, மிஞ்சினால் ஒரு சங்கிலி என்றுதான் எதிர்பார்த்தேன். வந்த பதில் வேறு, பனியில் சறுக்கி ஓடுகிற பலகை. "அவருக்குப் பவுடர் ஸ்கீ வேணுமாம். பாதையில்லாத இடத்திலயும் ஓட வேணுமாம், மற்ற இடத்திலயும் ஓட வேணுமாம். ஒரே சோடியில ரெண்டும் ஏலுமாம்."

அத்தான், தாங்கள் முப்பது வருடமாகச் சுவிஸ் மலையில் இருக்கிறீர்கள். ஸ்கீ பிடித்தபடி நிற்கும் தங்கள் படம் இன்றும் எங்கள் வரவேற்பறையில் தொங்குகிறது. அதை நம்பித்தான் முதலில் தங்களுக்கு ஃபோன் எடுத்தேன். அது தாங்கள் வேலை செய்த ஹோட்டல் முதலாளியின் ஸ்கீ என்றும், படம் எடுத்து முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள் என்றும் அக்கா பின்னால் நின்று சொன்னது எனக்கும் கேட்டது. பரவாயில்லை. படத்தை இறக்கவில்லை.

பிறகு மிசிசாகாவில் ஒரு ஸ்கீக் கடைக்குப் போனேன். விமான நிலையத்தில் சூட்கேஸ் தூக்கும் வேலை செய்த காலம் முழுக்க அந்தக் கடைக்கு முன்னால்தான் போய் வந்தேன், ஒருநாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. அங்கே ஷரோன் என்ற பெண்மணி, நரைத்த தலை, நல்ல பொறுமைசாலி, மாப்பிள்ளையின் உயரம் என்ன, நிறை என்ன என்று கேட்டா. தெரியாது என்றேன். கேட்டு வாருங்கள் என்றா. கேட்க முடியாது என்றேன். ஏதாவது பகையா என்று மெதுவாகக் கேட்டா. இல்லை, மருமகன் என்றேன். அவவுக்கு விளங்கவில்லை, எனக்கு விளக்கவும் ஆங்கிலம் போதவில்லை. துர்க்காவிடம் கேட்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். கேட்டால் அடுத்த நிமிடம் அது அவர் காதுக்குப் போய்விடும் என்று சந்திரவதனா மறித்துவிட்டா.

உயரம் சுலபம். படம் எடுக்கிறேன் என்று கதவு நிலையோடு நிறுத்தி, அவர் போன பிறகு பென்சிலால் கோடு போட்டேன். நிறைக்குத்தான் மூளை வேலை செய்தது. பயணம் போகிறவர்கள் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறி நிற்பது எங்கள் ஆட்கள் வீட்டில் வழமைதானே. ஒரு சூட்கேஸுக்குள் சந்திரவதனாவின் பட்டுச் சேலைகளையும் ஒரு பை அரிசியையும் வைத்து மூடி, "தம்பி, என்ர நாரி நோகுது, குனிஞ்சு தூக்க ஏலாது, இதை ஒருக்கால் பிடிச்சுக்கொண்டு தராசில நில்லும்" என்றேன். பிள்ளை மறுபேச்சில்லாமல் ஏறினார். நான் முழந்தாளிட்டு இலக்கத்தைப் பார்த்தேன். "மாமா, ஆர் பயணம் போறது?" என்று கேட்டார். "ஒருத்தரும் போகேல்லை" என்று வாய்தவறி உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சூட்கேஸை வைத்துவிட்டுத் துர்க்காவைப் பார்த்தார். அவள் யன்னலைப் பார்த்தாள். பிறகு சூட்கேஸை மட்டும் நிறுத்துக் கழித்துப் பார்த்தேன். எண்பத்தெட்டு கிலோ. கலியாணத்தின்போது இவ்வளவு இல்லை. எல்லாம் தன் சமையல் என்று சந்திரவதனாவுக்குப் பெருமை.

உயரத்தையும் நிறையையும் கொண்டு மறுபடி கடைக்குப் போன அன்றுதான் விஷயம் விளங்கியது. உருட்டிச் சமப்படுத்திய பாதையை விட்டு விலகி, ஒருவரும் மிதிக்காத பஞ்சுப் பனிக்குள் மரங்களுக்கு நடுவே இறங்குவதற்குத்தான் இந்த ஸ்கீயாம். மாசியில் இவர்கள் இருவரும் மேற்கே பெரிய மலைக்குப் போகிறார்கள். அவர் இறங்கினால் என் மகள் மேலே நின்று கை காட்டிக்கொண்டிருப்பாளா? பின்னாலேயே போவாள். ஒரே பிள்ளை, அத்தான். இரவில் கண்ணை மூடினால் வெள்ளையாகத்தான் தெரிகிறது.

ஆகவே ஒரு தந்திரம் யோசித்தேன். உள்ளதற்குள் ஒடுங்கிய ஸ்கீயாக வாங்கிக் கொடுத்தால் அவர் நல்ல பிள்ளையாகப் பாதையிலேயே ஓடுவார் அல்லவா? ஷரோன் தலையை ஆட்டினா. போகிறவர் எப்படியும் போவார், ஒடுங்கியது புதுப்பனியில் மூக்குக் குத்திப் புதையும், ஆளையும் விழுத்தும், அகன்றதுதான் மிதக்கும் என்றா. எல்லா இடத்துக்கும் ஓட்டலாம் என்று நூற்றிரண்டு மில்லிமீற்றர் அகலத்தில் ஒன்றைக் காட்டினா. அதற்குப் பக்கத்தில் நின்றது நூற்றெட்டு. அந்த இலக்கத்தைக் கண்டதும் எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. நூற்றெட்டு தேங்காய் உடைக்கிற இனம் நாங்கள், நூற்றிரண்டை வாங்கிக்கொண்டு எந்த முகத்தோடு பிள்ளையாருக்கு முன்னால் நிற்பது? சட்டென்று தொட்டுக் கும்பிட்டேன். அனுபவசாலி என்று ஷரோன் நினைத்திருக்க வேண்டும், அதையே எடுத்துத் தந்தா. சப்பாத்தை ஸ்கீயோடு பிடிக்கிற 'கட்டு' என்பதைப் பூட்டுவதற்கு மட்டும் ஓடுகிறவரே சப்பாத்தோடு வர வேண்டும் என்றா. நிறையைக் கூட்டிச் சொன்னால் விழும்போது கட்டு கழலாது, கால்தான் கழலுமாம்.

இப்போது நூற்றெட்டு எங்கள் அலுமாரிக்குள் சேலையால் மூடி நிற்கிறது. தங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். குடும்பத்துக்கு மூத்த மாப்பிள்ளை என்ற முறையில் தாங்கள் ஜதுர்சனுக்கு ஃபோன் எடுத்து, பாதையை விட்டு இறங்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பரிசைக் கொடுக்கிற கையால் நான் நிபந்தனை போட முடியாது. மலையை அறிந்தவர் என்று அவர் தங்களை மதிக்கிறார். படத்தைப் பற்றி நான் மூச்சு விடமாட்டேன்.

அக்காவுக்கு எங்கள் அன்பு. பொங்கல் தங்கள் வீட்டில் நிறைந்து வழியட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள மைத்துனன்
மகேஸ்வரன்

பி.கு.: முத்திரை வாங்கப் போக விடாமல் இரண்டு நாள் பனி கொட்டியதால் கடிதம் வீட்டிலேயே கிடந்தது. அதற்குள் பொங்கல் முடிந்துவிட்டது. தயவுசெய்து ஃபோன் எடுக்க வேண்டாம்.

பால் பொங்கியதும் ஸ்கீக்குச் சந்தனப் பொட்டு வைத்துக் கொடுத்தேன். மாப்பிள்ளை இரண்டு கையாலும் வாங்கி, அப்படியே துர்க்காவிடம் நீட்டினார். "தம்பி, சப்பாத்தோட கடைக்குப் போக வேணும்" என்றேன். "மாமா, எனக்கு ஐஸில நடக்கவே பயம். நான் மேற்கில போய் ஹோட்டலில இருந்து புத்தகம் வாசிக்கப் போறன்" என்றார். துர்க்கா காருக்குப் போய், தேய்ந்துபோன ஸ்கீச் சப்பாத்து ஒரு சோடியோடு வந்தாள். கம்பஸில் படித்த காலத்திலிருந்து வாடகை ஸ்கீயில் ஓடுகிறாளாம். பனி சரிந்தால் என்ன செய்வது என்று படிப்புக்கூடப் படித்திருக்கிறாளாம், புதைந்தவரைத் தேடுகிற கருவியையும் காட்டினாள்.

"நேர கேட்டிருக்கலாமே, பிள்ளை?" என்றேன்.

"எனக்கு எண்டா வேண்டாம் எண்டுதானே அப்பா சொல்லுவியள். மருமகனுக்கு எண்டா இமயமலையையும் வாங்குவியள்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் பொங்கல் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

மறுநாள் மாற்றப் போனோம். ஸ்கீ அவளைவிட ஒரு முழம் உயரம். மகளின் நிறை என்ன என்று ஷரோன் என்னிடம் கேட்டா. மாப்பிள்ளையின் நிறை எனக்குக் கிலோக் கணக்கில் தெரியும், அத்தான். என் பிள்ளையின் நிறை, பிறந்த அன்று தாதி சொன்னது மட்டுந்தான் தெரியும். திரும்பி அவளையே கேட்டேன். சொன்னாள். தனக்கு வேண்டியதைத் தானே எடுத்தாள், நூற்றிரண்டுதான். பிள்ளையாரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

பயம் போகவில்லை. ஆனால் மகள், "அப்பா, நாளைக்குச் சின்ன மேட்டுக்கு வாங்கோ, நான் பிடிக்கிறன்" என்று கடையிலேயே சொன்னாள். எனக்கும் வாடகைக்கு ஒரு சோடி கேட்டாள், நிறை பார்க்க ஷரோன் தராசைக் காட்டினா. சூட்கேஸ் இல்லாமலே ஏறி நின்றேன்.