கொல்லைத் தளம் காயும்வரை வர வேண்டாம், மாமா

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் அனைவரும் நலம் என்று எழுதவேண்டிய இடம் இது, ஆகவே எழுதிவிட்டேன். உங்கள் முழங்கால் வலி தேவலை என்று நம்புகிறேன். அது தேவலையாக இருந்தாலும் நீங்கள் அடுத்த வாரம் கிளம்பி வரவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். உங்கள் மகளுக்குத் தெரியாமல் என் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கண் சோதிக்க வந்த ஒருவர் எதிரே எழுத்துப் பலகையைப் பார்த்தபடி காத்திருக்கிறார்.

அத்தை போன பிறகு உங்களை இங்கேயே அழைத்து வந்துவிட வேண்டும் என்பது உங்கள் மகளின் ஒரே பேச்சு. அதற்காகத்தான் ஓதம் ஏறிய பின்னறைச் சுவரைக் கொத்திப் பூசி, வழுக்கும் குளியலறைத் தரையை மாற்றி, நீங்கள் பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி வைத்துவிடலாம் என்று மேஸ்திரியைக் கூப்பிட்டோம். அவர் எக்ஸ்ரே பார்க்கும் டாக்டர் மாதிரி ஒவ்வொரு சுவராகப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "சார், இதுல கை வச்சா அது வரும். அதுல கை வச்சா இது வரும்" என்றார். எது வரும் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. "அப்ப பெரிய வேலையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல கொல்லைப்புறத்துல ஒரு தளம் போட்டுடுவோம். சின்ன வேலை, சட்டுனு முடிஞ்சிடும். மாமா சாயங்காலத்துல காத்தாட உக்காரலாம்" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு என் வாயில் யாராவது ஒரு துணியை வைத்து அடைத்திருக்கலாம்.

எங்கள் கொல்லைப்புறம் உங்களுக்கு நினைவிருக்கும். வெடித்த சிமெண்டு, வெடிப்பில் இடுப்பளவு புல், ஓடாத வாஷிங் மெஷின், சக்கரமில்லாத சைக்கிள், ஓட்டைத் தண்ணீர்த் தொட்டி. எல்லாவற்றையும் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிடலாம் என்று பார்த்தால், உங்கள் மகள் வாஷிங் மெஷின் மீது கை வைத்துக்கொண்டு நின்றாள். "இது நம்ம கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் குடுத்தது." சைக்கிள் உங்கள் பேரனுடையது. ஓட்டையை அடைத்தால் தொட்டி உதவுமாம். கடைசியில் ஒன்றுகூட வெளியே போகவில்லை. வேலை முடியும்வரை என்று சொல்லி எல்லாம் பின்னறைக்குள் போயின. அதாவது உங்கள் அறைக்குள். இப்போது அங்கே நுழைய வேண்டுமானால் பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். நுழைந்தால் நிற்க மட்டும்தான் முடியும்.

பழைய சிமெண்டை உடைத்த முதல் அடியிலேயே தண்ணீர் பீறிட்டு மேஸ்திரியின் சட்டையை நனைத்தது. வீட்டுக்கு வரும் முக்கியக் குழாய் அந்த வழியாகத்தான் வருகிறது என்று எல்லாருக்கும் அப்போதுதான் தெரிந்தது. பிளம்பர் வந்தார். "யாரைக் கேட்டு இங்க உடைச்சீங்க?" என்று மேஸ்திரியைக் கேட்டார். "யாரைக் கேட்டு இங்க குழாய் போட்டீங்க?" என்று மேஸ்திரி அவரைக் கேட்டார். குழாய் போட்டவர் எங்கே இருக்கிறாரோ! இருவரும் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பி நின்றார்கள். நடுவில் நான் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்தபடி சமாதானம் பேசிக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு மேஸ்திரியின் பெயரே எங்கள் வீட்டில் 'நாளைக்கு மேஸ்திரி' என்று ஆகிவிட்டது. போனை எடுத்தால் வணக்கத்துக்குப் பதிலாக "நாளைக்கு" என்றுதான் சொல்வார். ஒருவழியாக வந்து, இனி எதையும் உடைக்க வேண்டாம் என்று பழைய தளத்தின் மேலேயே கலவை கொட்டி, ஓடு பதித்து, பளபளவென்று முடித்துக் கொடுத்தார். மாமா, பொய் சொல்லக்கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்குள்ளிருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்க்க முடிந்தது; கொல்லைக்குப் போகப் பக்கச் சந்தைச் சுற்ற வேண்டும். தளம் உயர்ந்துவிட்டதால் வெளிப்பக்கம் திறக்கும் பின்கதவு திறக்கவில்லை. மாடி வீட்டுக்கார அம்மா மேலிருந்து எட்டிப் பார்த்து, "இவ்வளவு அழகாப் போட்டுட்டு ஒரு நாள்கூட வந்து உக்கார மாட்டேங்கிறீங்களே?" என்று வேறு கேட்டார்.

கார்பெண்டர் வந்து கதவின் அடியைக் கொஞ்சம் அறுத்தார். கோணலாக இருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் அறுத்தார். இப்போது கதவு நன்றாகத் திறக்கிறது. மூடினாலும் ஒரு பூனை நிமிர்ந்து உள்ளே வரலாம். பூனை வரவில்லை, மழை வந்தது. மேஸ்திரி தண்ணீர் ஓடும் வாட்டத்தைத் தெருப்பக்கச் சாக்கடைக்கு விடாமல் எங்கள் சமையலறைக்கு விட்டிருந்தார். கொல்லையில் விழுந்த தண்ணீர் அத்தனையும் கதவுக்கு அடியில் ஒழுங்காக வரிசையில் நுழைந்து, அடுப்படி வரை வந்து நின்றது. போன் செய்தேன். "சார், தண்ணியக் குறை சொல்லாதீங்க. அது பள்ளத்தைப் பாத்துத்தான் போகும்" என்றார். நானும் அதைத்தானே சொன்னேன்! ஊரார் பார்வையையெல்லாம் சோதித்துக் கண்ணாடி கொடுக்கிறவன் நான். என் வீட்டுத் தளம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று இருவருமாகத் தண்ணீரைத் துணியால் ஒற்றிப் பிழிந்துகொண்டிருந்தோம். உங்கள் மகள் திடீரென்று வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். "திரும்பவும் அப்பாவை அப்புறம் வாங்கன்னு சொல்லப் போறீங்க, அதானே? அங்க அவரு ஒத்த ஆளுக்குச் சமைச்சு, ஒத்தத் தட்டைக் கழுவிக் கவுத்து வைக்கிறாரு. அதை நினைச்சா எனக்கு இங்க சோறு இறங்கல" என்றாள். அழவில்லை. நான் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தேன். அது எப்போதோ காய்ந்துவிட்டது.

வரவேண்டாம் என்று எழுத எனக்குக் கை கூசுகிறது, மாமா. ஆனால் உங்களை எங்கே படுக்க வைப்பேன், வாஷிங் மெஷின் மேலா? அந்தக் குளியலறையில் நீங்கள் வழுக்கி விழுந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? தளத்தை உடைத்து வாட்டம் மாற்றும்வரை, அது காயும்வரை, பிறகு அறையையும் குளியலறையையும் முடிக்கும்வரை, பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். மருந்தை விட்டுவிடாதீர்கள். கோபம் இருந்தால் என்மேல் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அவள்மேல் வேண்டாம்.

என்றும் உங்கள் பிரியத்துக்கு ஆசைப்படும்,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: தபாலில் போடும் முன் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். பக்கச் சந்து வழியாக நுழைந்தால், நீங்கள் கொல்லைத் தளத்தில் நாற்காலி போட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து உங்கள் மகள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவள் சிரித்து நான் பார்த்து எத்தனை மாதமாயிற்று! "வாங்க மாப்ள, எத்தனை நாளைக்குத்தான் நீங்க கூப்பிடுவீங்கன்னு காத்துக்கிட்டு இருக்கறது? நானே கிளம்பி வந்துட்டேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டுனவன், மேடு பள்ளம் எனக்குப் பழக்கம்தான். இங்கயே ஒரு கட்டிலைப் போட்டு, மேல ஒரு கூரை மட்டும் போட்டுடுங்க. மத்த வேலையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றீர்கள். கூரை போட மேஸ்திரிக்குப் போன் செய்தாகிவிட்டது. என்ன சொன்னார் என்று நான் எழுதத் தேவையில்லை. இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுக்க எனக்கு முகமில்லை, கிழிக்கவும் மனம் வரவில்லை. ஆகையால் உங்கள் ஊர் விலாசத்துக்கே அனுப்புகிறேன். அங்கே வீடு பூட்டிக் கிடக்கிறது. அப்படியே கிடக்கட்டும், மாமா.